சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத ஆயில் எஞ்சின் (கேத்தி, நீலகிரி)

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலத்து கிர்லோஸ்கர் ஏவி1, 5 ஹெச்.பி. ஆயில் எஞ்சின். கேத்திப் பள்ளத்தாக்கில் ஓடையோரம் ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. அங்கிருந்து மேலே உள்ள கேரட் தட்டுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். கரண்ட் லைன் அந்தப் பக்கம் வரவில்லை. அதனால் இது ஓடினால்தான் விவசாயம்.

காலையில் புல்மேல் பனி இருக்கும்போதே ஹேண்டில் போட்டால் மூன்றாவது சுற்றில் பிடித்துவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, ஹோஸை அடுத்த தட்டுக்கு மாற்றிவிட்டு வந்து போட்டால் பிடிப்பதே இல்லை. நானும் தம்பியும் மாறி மாறிச் சுற்றித் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடிக்கிறது. ஊரில் எல்லா எஞ்சினும் குளிரில் அடம்பிடிக்கும், இது தலைகீழ்.

இதுவரை செய்தது: சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசில் புதிது, கீழே சமவெளியில் ஒரு கடையில் 200 கிலோ பிரஷர் வைத்துப் போட்டாயிற்று. டீசல் லைனில் நின்ற காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தாயிற்று. வால்வு கிளியரன்ஸ் பார்த்தாயிற்று. சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் சுற்றினால் ஃபிளைவீல் நின்று திமிறுகிறது, அதனால் கம்ப்ரஷன் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேர் எஞ்சினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்றச் சொல்கிறார்கள். ஒருவர் பழைய இரும்புக்குப் போடு என்கிறார். அப்பா காதில் விழாமல் சொன்னார், தப்பித்தார்.

கோத்தகிரி_ஜீப் | ஞாயிறு, இரவு 9:05

ஏர் லாக்தான். சூட்டில் டீசல் ஆவியாகி லைனில் காற்று நிற்கும். ஃபில்டர் திருகைத் தளர்த்தி மறுபடி ஏர் எடுங்கள். அவசரத்துக்கு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி ஏர் கிளீனரில் அடித்தால் பிடித்துக்கொள்ளும். என் ஜீப்புக்கு அப்படித்தான் செய்கிறேன்.

பாலாடா_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 9:50

ஜீப் அண்ணா, பெட்ரோல்தான் அப்படி ஆவியாகும். இந்தச் சூட்டுக்கு டீசல் ஆவியாகாது. ஸ்ப்ரேயையும் கையால் சுற்றுகிற எஞ்சினுக்குச் சொல்லாதீர்கள். அதிலிருக்கும் ஈதர் நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும். பிஸ்டன் மேலே வருவதற்கு முன் வெடித்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல். சூட்டில் பிடிக்காமல் சுற்றும்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறதா? நாசிலில் "கிறீச்" சத்தம் கேட்கிறதா? கடைசியாக, எஞ்சின் ஆயில் குறைகிறதா, கூடுகிறதா?

கேத்திக்காரன் | திங்கள், மாலை 6:30

அண்ணா, இன்று பார்த்தேன்.

புகை இல்லை. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. காலையில் சுற்றும்போது "கிறீச்" நன்றாகக் கேட்கிறது. சூட்டில் "ப்ச்" என்று ஏதோ, காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். சந்தேகத்துக்கு நாசிலைக் கழற்றி வெளியே திருப்பி மாட்டிச் சுற்றினோம். தம்பி உள்ளங்கையை முன்னால் நீட்டிப் பார்த்தான், ஈரம் மாதிரி வருகிறது என்றான்.

ஆயில்தான் ஆச்சரியம். இரண்டு மாதமாக நான் ஊற்றவே இல்லை, குச்சியில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. ஆயில் குடிக்காத எஞ்சின் என்று சந்தோஷமாக இருந்தேன்.

பாலாடா_ஸ்பேனர் | திங்கள், மாலை 6:42

முதலில் தம்பியைத் திட்டிவிட்டு வா. நாசில் முன்னால் கையை நீட்டவே கூடாது. 200 கிலோ பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தின புள்ளி அளவுதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை கெட ஆரம்பிக்கும். அப்படிக் குத்திவிட்டால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, "டீசல் பிரஷரில் உள்ளே போய்விட்டது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாசிலுக்கு டீசல் தள்ளும் பம்ப் தேய்ந்திருந்ததால் அவன் கை தப்பியது.

ஆம், டீசல் பம்ப்தான். ஊற்றாத ஆயில் கூடுகிறது என்றால் அது ஆயில் இல்லை.

மன்னவனூர்_பூண்டு | திங்கள், இரவு 8:15

கொடைக்கானல் பக்கத்திலிருந்து வணக்கம். அவசரப்பட்டு பம்ப் மேல் பழி போட வேண்டாம் என்று தோன்றுகிறது. எங்கள் பூண்டுக் காட்டிலும் இதே எஞ்சின்தான். தண்ணீர் பம்பு தூக்கும் ஓடைத் தண்ணீரையே நேராக ஜாக்கெட்டுக்கு, அதாவது சிலிண்டரைச் சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீர் அறைக்கு, விட்டிருந்தோம். ஐஸ் மாதிரி தண்ணீர். நாள் முழுக்க ஓடினாலும் சிலிண்டர் சூடாகாது. எரியாத டீசல் சுவர் வழியாக வழிந்து ரிங்கைத் தாண்டி ஆயிலில் சேர்ந்தது, எங்களுக்கும் அளவு கூடியது. வெளியே வரும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும், குளிக்கலாம் போல இருந்தால் தப்பு.

கேத்திக்காரன் | திங்கள், இரவு 8:50

குளிக்கலாம் போலக்கூட இல்லை, பல் கூசும். நாங்களும் நேராகத்தான் விட்டிருக்கிறோம். இப்போது எது காரணம்?

பொன்மலை_ஓய்வு | செவ்வாய், காலை 5:55

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பொன்மலைப் பணிமனையில் டீசல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலை இழுக்கும் ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின்கள் எங்கள் கைக்கு வந்து போனவை. அதில் ஆறு சிலிண்டர், ஆறுக்கும் தனித்தனிப் பம்ப். உங்கள் எஞ்சினின் டீசல் பம்பும் அதே சாதிதான், அளவுதான் சின்னது.

பம்புக்குள் ஒரு உருளை, அதற்குள் ஒரு பிளஞ்சர். இரண்டும் சேர்ந்ததுதான் எலிமென்ட். இதில் வாஷர், ரப்பர் எதுவும் கிடையாது. இரண்டு இரும்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளி, அவ்வளவுதான் அடைப்பு. தலைமுடி 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். அதனால்தான் ஒரு பம்பின் பிளஞ்சரை இன்னொரு உருளையில் போடக் கூடாது. ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை, ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

அது தள்ளுகிற அளவையும் பாருங்கள். இந்த 5 ஹெச்.பி. எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தெளிப்பு, ஆக மணிக்கு 45,000 தெளிப்பு. ஒரு தெளிப்புக்கு 24 கன மில்லிமீட்டர் வருகிறது. மருந்துச் சொட்டில் பாதி. அந்தப் பாதிச் சொட்டில் கொஞ்சம் பக்கவாட்டில் கசிந்தாலும் நாசில் திறக்கிற பிரஷர் ஏறாது.

இனி சூட்டுக் கதை. குளிர்ந்த டீசல் தடிமனாக இருக்கும், தேய்ந்த இடைவெளியிலும் மெதுவாகத்தான் கசியும். சூடான டீசல் நீர்த்துப்போய் ஓடிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளஞ்சர் வேகமாகத் தள்ளுவதால் கசிய நேரம் இல்லை. கையால் சுற்றும்போது வேகம் குறைவு, கசிய நேரம் நிறைய. அதனால் ஓடுகிற எஞ்சின் ஓடும், நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது. கசிந்த டீசல் இந்த வகைப் பம்பில் பிளஞ்சருக்குக் கீழே இறங்கி, கேம் இருக்கும் அறை வழியாக ஆயில் தொட்டிக்கே போகும்.

மன்னவனூர் நண்பர் சொன்னதும் தப்பில்லை, அந்த நோயும் இந்த எஞ்சினுக்கு இருக்கிறது. ஆனால் அவர் சொல்கிற நோய்க்குப் புகை வரும். எரியாத டீசல் வெள்ளையாக வெளியே தெரியும். புகையே இல்லை என்றால் உள்ளே டீசலே போகவில்லை என்று அர்த்தம்.

கோத்தகிரி_ஜீப் | செவ்வாய், காலை 8:20

ஐயா, ஒரு சந்தேகம். ஜாக்கெட் ஐஸ் தண்ணீரில் இருக்கும்போது பம்ப் எப்படிச் சூடாகும்?

பொன்மலை_ஓய்வு | செவ்வாய், காலை 8:45

நல்ல கேள்வி. தண்ணீர் சிலிண்டரைச் சுற்றித்தான் ஓடுகிறது. பம்ப் உட்கார்ந்திருப்பது கிராங்க் கேஸில், அங்கே ஆயில் சூடு. எஞ்சினை நிறுத்தினால் தண்ணீரும் நின்றுவிடும், டீசலும் நகராது, உள்ளிருக்கும் சூடெல்லாம் பம்புக்கு ஏறும்.

சோதனை சுலபம். சூட்டில் பிடிக்க மறுத்ததும் ஓடைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பம்ப் மேல் சுற்றுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிடித்துவிட்டால் தீர்ப்பு எழுதிவிடலாம். தண்ணீரை வாளியோடு கொட்ட வேண்டாம், சூட்டில் திடீரெனச் சுருங்கி பிளஞ்சர் இறுகிக்கொள்ளும்.

கேத்திக்காரன் | புதன், மாலை 7:10

முடிவு சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினேன். முதலில் துணி இல்லாமல் ஐந்து நிமிடம் சும்மா விட்டு, பிறகு இருபது சுற்றுச் சுற்றினேன். பிடிக்கவில்லை. (வெறுமனே ஆறியதால் பிடித்தது என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா.) அப்புறம் அம்மாவின் பழைய புடவைத் துண்டை ஓடையில் முக்கிப் பம்பைச் சுற்றிக் கட்டினேன். ஐந்து நிமிடம். இரண்டாவது சுற்றில் பிடித்தது! தம்பி விசிலடித்தான்.

ஆயிலையும் பார்த்தேன். செய்தித்தாள் மேல் ஒரு சொட்டு விட்டுக் காலைவரை வைத்தேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம் அகலமாகப் பரவியிருக்கிறது. புது ஆயில் சொட்டு அவ்வளவு தூரம் பரவவில்லை.

எலிமென்ட் இவ்வளவு தேய என்ன காரணம்? நாசில் கடைக்காரர் புது டீசல்மேல் பழி சொல்கிறார்.

கோத்தகிரி_ஜீப் | புதன், இரவு 8:00

அதில் அவர் சொல்வது சரி. பிஎஸ்6 டீசல் வந்ததிலிருந்து பழைய பம்பெல்லாம் காலி. சல்ஃபரை எடுத்துவிட்டார்கள், வழுவழுப்புப் போய்விட்டது. நான் டேங்குக்குக் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்றுகிறேன். எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் கலக்கிறவர்களும் உண்டு.

பொன்மலை_ஓய்வு | புதன், இரவு 8:40

பாதி உண்மை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) சல்ஃபர்தான், அதற்கு முந்தைய பிஎஸ்4இல் 50. சல்ஃபரை நீக்கும் முறையில் டீசலின் இயற்கை வழுவழுப்பும் குறைவது நிஜம். அதைத் தெரிந்துதான் சேர்மானம் போட்டு ஈடுகட்டுகிறார்கள். சோதனையில் உலோகக் குண்டின்மேல் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று தர விதியே இருக்கிறது. 2டி ஆயில் ஊற்றுவது உங்கள் மன நிம்மதிக்கு.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். டீசலைவிட நீர்த்தது, வழுவழுப்பும் குறைவு. சூட்டில் கசிகிற பம்புக்கு அதை ஊற்றுவது கசிவுக்கு வழி வெட்டிக் கொடுப்பது போல.

எலிமென்ட்டைத் தின்பது பெரும்பாலும் தூசியும் தண்ணீரும். ஃபில்டர் எப்படி இருக்கிறது?

கேத்திக்காரன் | புதன், இரவு 9:15

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன வருடம் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கிறது என்று உள்ளே இருக்கும் வடிகட்டும் பகுதியை எடுத்துவிட்டு வெறும் கிண்ணத்தை மாட்டி ஓட்டினோம். எஞ்சின் நன்றாக ஓடியது, அப்படியே மறந்துபோனோம். பங்க்கிலிருந்து கேனில் வாங்கி வந்து, ஈரமும் மண்ணுமாக இருக்கும் கொட்டகையில்தான் ஊற்றுவது.

பாலாடா_ஸ்பேனர் | புதன், இரவு 9:20

தெரிந்துவிட்டது. நாசிலுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு ஃபில்டருக்குப் போதும்.

இன்னொன்று. நம் ஊரில் பகலும் ராத்திரியும் குளிர் வித்தியாசம் அதிகம். பாதி டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்றிலிருக்கும் ஈரம் ராத்திரியில் வேர்த்துச் சொட்டி டீசலுக்கு அடியில் தங்கும். மாலையில் டேங்கை நிரப்பிவிட்டுப் போ. காலையில் அடித்திருகைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார். கேன் டீசலை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல் விட்டுவிட்டு ஊற்று.

டீசல் பம்பைக் கழற்றி எலிமென்ட்டும் அதன் டெலிவரி வால்வும் சேர்த்து மாற்றச் சொல். வால்வு பழசானால் பைப்பில் பிரஷர் தங்காது, நாசில் தெளித்து முடித்த பிறகும் சொட்டும், கரி கட்டும். பம்புக்கு அடியில் இருக்கும் ஷிம் (மெல்லிய தகடு) எத்தனை என்று எண்ணி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள். மறக்காதே.

கேத்திக்காரன் | அடுத்த திங்கள், இரவு 7:45

மறந்துவிட்டேன் அண்ணா.

கடையில் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். செலவு அன்றைய விலைக்கு ஒன்றரை மூட்டை கேரட். நானே மாட்டினேன். இப்போது சூட்டிலும் ஒரே சுற்றில் பிடிக்கிறது. ஆனால் முதல் தடவையே ஹேண்டில் பின்னால் உதைத்தது, நல்ல வேளை பிடி நழுவியதால் கை பிழைத்தது. ஓடும்போது சுத்தியால் அடிப்பது போல "டக் டக்". மேல் தட்டுக்குத் தண்ணீர் ஏற்றினால் கறுப்புப் புகை. ஷிம் பொட்டலத்தைக் கடையில் பிரித்தார்கள், எத்தனை திரும்பி வந்தது என்று எனக்கும் தெரியாது அவர்களுக்கும் தெரியாது.

பாலாடா_ஸ்பேனர் | அடுத்த திங்கள், இரவு 8:05

இனி ஹேண்டில் போடாதே, டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பார்க்கும்வரை. ஷிம் குறைந்திருக்கிறது. பம்ப் கீழே இறங்கிவிட்டதால் பிளஞ்சர் டீசல் உள்ளே வரும் துளையைச் சீக்கிரமே மூடுகிறது, டீசல் முன்கூட்டியே போகிறது. அதுதான் உதை, அதுதான் தட்டுகிற சத்தம்.

இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல்புள்ளிக்கு 23 டிகிரி முன்னால் தெளிப்பு ஆரம்பிக்க வேண்டும். ஃபிளைவீல் சுற்றளவை நூல் போட்டு அளந்து, 23ஆல் பெருக்கி 360ஆல் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று வரும். மேல்புள்ளிக் குறியிலிருந்து அந்த அளவுக்குச் சாக்பீஸில் கோடு போடு. ஹை பிரஷர் பைப்பைக் கழற்று. ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) டீசல் கொடுக்கும் பக்கம் இருக்கட்டும். பம்ப் வாயில் டீசல் நிரம்பியதும் லேசாக ஊதி மட்டத்தைக் கொஞ்சம் குறை. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் ஃபிளைவீலை ஓடுகிற திசையிலேயே மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளு. டீசல் மட்டம் அசைகிற அந்த நொடியில் நிறுத்து. கோடு எங்கே நிற்கிறது என்று பார். சீக்கிரம் அசைந்தால் ஷிம் சேர், தாமதமானால் எடு.

பம்பைத் திரும்ப உட்கார வைக்கும்போது ரேக் முனை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லீவரில் சரியாக மாட்டியதா என்று டார்ச் அடித்துப் பார். அது மாட்டாமல் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குக் கடிவாளம் இல்லை, வேகம் ஏறிக்கொண்டே போய் ஃபிளைவீல் பிய்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு பலகையைக் கையருகில் வை. அடங்காமல் ஓடினால் ஏர் கிளீனர் வாயை அதால் மூடு, கையால் இல்லை.

மன்னவனூர்_பூண்டு | அடுத்த திங்கள், இரவு 8:30

மலையில் காற்றழுத்தம் குறைவு, டீசல் பற்ற நேரம் கூடுதலாகும். அதனால் 25, 26 டிகிரி வைத்தால் நன்றாக இழுக்கும் என்று எங்கள் பக்கம் வைக்கிறார்கள்.

பொன்மலை_ஓய்வு | அடுத்த திங்கள், இரவு 9:00

காரணம் சரிதான். செல்ஃப் மோட்டார் இருக்கும் எஞ்சினாக இருந்தால் நானும் யோசிப்பேன். கையால் சுற்றும் எஞ்சினுக்கு 23ஐத் தாண்ட வேண்டாம். கூடுதலாகக் கிடைக்கும் இழுவைக்கு மணிக்கட்டு விலை.

கேத்திக்காரன் | புதன், மாலை 6:50

சுற்றளவு 157 சென்டிமீட்டர். 23 டிகிரிக்கு 10 சென்டிமீட்டர் வந்தது. முதலில் பார்த்தபோது 13 சென்டிமீட்டர் முன்னாலேயே டீசல் அசைந்தது, கிட்டத்தட்ட 30 டிகிரி! பாலாடாவில் ஷிம் வாங்கி ஒன்று சேர்த்தேன், 11 சொச்சம். இன்னொன்று சேர்த்ததும் கோட்டின் மேலேயே வந்து நின்றது. மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரேக்கை டார்ச் அடித்துப் பார்த்தது தம்பி, பலகை பிடித்து நின்றது அப்பா. பலகைக்கு வேலை வரவில்லை. உதை இல்லை, தட்டும் சத்தம் இல்லை.

கறுப்புப் புகை குறைந்திருக்கிறது, ஆனால் மேல் தட்டுக்கு ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் வருகிறது.

பொன்மலை_ஓய்வு | புதன், இரவு 7:30

அது மலையின் கணக்கு. நீங்கள் 2000 மீட்டருக்கு மேல் இருக்கிறீர்கள். அங்கே ஒரு மடக்குக் காற்றில் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் இருக்கும். தேய்ந்த பம்ப் குறைவாகக் கொடுத்தது, காற்றும் குறைவு, இரண்டும் சமமாக ஓடியது. புதுப் பம்ப் சமவெளிக் கணக்குக்கு முழு டீசல் கொடுக்கிறது, எரிக்கக் காற்று இல்லை. உங்கள் 5 ஹெச்.பி.யை அங்கே 4 என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாலாடா_ஸ்பேனர் | புதன், இரவு 7:40

தண்ணீர் பம்பின் டெலிவரி வால்வைப் புகை மறையும்வரை கொஞ்சம் மூடு. தண்ணீர் கொஞ்சம் குறையும், எஞ்சினுக்குச் சுமையும் குறையும். அப்புறம் அந்தப் பம்பை ஓடை மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறாய்? கீழே 10 மீட்டர் தண்ணீரைத் தாங்கும் காற்றழுத்தம் நம்மிடம் 8 மீட்டர்தான் தாங்கும். சக்ஷன் நீளமாக இருந்தால் எஞ்சின் நன்றாக இருந்தும் தண்ணீர் வராது. முடிந்த அளவு ஓடைக்குப் பக்கம் இறக்கு.

ஜாக்கெட் தண்ணீருக்கும் ஒரு சின்ன வால்வு போட்டுக் குறைத்துவிடு. மன்னவனூர் அண்ணா சொன்னதைப் பாதியில் விட்டுவிட்டோம்.

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 8:20

ஆயில் முழுக்க மாற்றி, புது ஃபில்டர் போட்டு, இதுவரை 20 மணி நேரம் ஓட்டிவிட்டேன். குச்சியில் அளவு ஊற்றிய கோட்டிலேயே நிற்கிறது. ஜாக்கெட் தண்ணீர் இப்போது கை பொறுக்கவில்லை. டெலிவரி வால்வைக் கால் திருகு மூடினேன், புகை போனது. மேல் தட்டு நனைய முன்பைவிடக் கால் மணி நேரம் அதிகம் ஆகிறது, பரவாயில்லை.

பழைய எலிமென்ட்டைத் தூக்கிப் போடவில்லை. பிளஞ்சரை வெயிலில் திருப்பிப் பார்த்தால் சாய்வெட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு கீறல் திட்டு தெரிகிறது. விரலில் தட்டுப்படவே இல்லை. இதற்காகவா இவ்வளவு நாள் சுற்றினோம் என்று அப்பா கேட்டார்.

கோத்தகிரி_ஜீப் | ஞாயிறு, இரவு 8:35

வாழ்த்துகள் தம்பி. ஐயா, ஸ்பேனர் அண்ணா, ஒரு விஷயம். என் ஜீப்பும் கொஞ்ச நாளாகச் சூட்டில்தான் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. அதற்குத்தான் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டரி பம்பு. ஈரத்துணி அதற்கும் செல்லுமா?

பாலாடா_ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 8:37

செல்லும். ஸ்ப்ரே டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, துணியோடு பாலாடா வாருங்கள்.